வெள்ளிப் பெயின்ட் அடித்த வாய்

கோக்-ஜாருக்கு அமைச்சர் வருகிறார் என்ற செய்தி வந்த அன்றே மாவட்டக் கடைகளில் வெள்ளிப் பெயின்ட் தீர்ந்துபோனது. எங்கள் பக்கத்தில் மேலிடத்திலிருந்து யாராவது வருகிறார்கள் என்றால் சாலையிலுள்ள பள்ளத்தை மூட மாட்டார்கள், பள்ளத்தின் விளிம்புக்குப் பெயின்ட் அடிப்பார்கள். மின்கம்பத்தின் அடிப்பாகம், பள்ளிக்கூட வேலி, தண்ணீர் வராத குழாய் எல்லாம் ஒரே பகலில் பளபளக்கும். போன முறை துணை அமைச்சர் வந்தபோது நிலக்கரிக் குவியலுக்கே சுண்ணாம்பு அடிக்க வைத்தார் ஆகிம் கல்முராத். ஆகிம் என்றால் மாவட்டத்துக்குத் தலைவர். குவியல் வெள்ளையாகத்தான் இருந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க ஊரே இருமியது.

இந்த முறை அமைச்சர் பார்க்க வந்தது ஊரை அல்ல, ஊருக்குப் பின்னால் குன்றின்மேல் இருக்கிற நிலையத்தை. நிலையம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு அறை, ஒரு கணப்பு, நான்கு மீட்டர் அகலத்தில் வானத்தைப் பார்த்து நிற்கும் ஒரு தட்டு, அப்புறம் புருலாய்.

புருலாய்க்கு நாற்பத்தேழு வயது. நாட்டின் ஒரே செயற்கைக்கோளான துல்பாரை வடிவமைத்தவர்களில் ஒருத்தி. அது மேலே போனதும், அதைப் பின்தொடர ஆள் வேண்டுமென்று தலைநகரில் கேட்டார்கள். பனிக்கும் காற்றுக்கும் பயந்து எல்லாரும் தரையைப் பார்த்தபோது இவள்தான் கை தூக்கினாள். "நானா, அந்த இரும்புப் பெட்டியா?" என்று கேட்டார் கணவர். அவள் பதில் சொல்லக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள். அந்தக் கொஞ்ச நேரத்தையே அவர் பதிலாக எடுத்துக்கொண்டார்.

மூன்று வருடம் ஆயிற்று. துல்பார் ஒரு குளிர்சாதனப் பெட்டி அளவுதான் இருக்கும். துருவத்துக்குத் துருவம் சுற்றுகிற அது, சூரியனோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்ட பிறவி. எந்த நாளானாலும் பத்தரை மணியை ஒட்டித்தான் கோக்-ஜாருக்கு மேலே வரும். காலையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை. தினமும் ஒரே வெயில், ஒரே நீள நிழல். அதனால் இந்த வருடப் படத்தைப் போன வருடப் படத்தோடு வைத்துப் பார்த்து, எந்தப் பனிமலை எவ்வளவு தேய்ந்தது, எந்த மேய்ச்சல் நிலம் மொட்டையானது என்று சொல்லிவிடலாம். வடக்கு முகட்டில் தலை காட்டி, தெற்கே பனிச்சிகரங்களுக்குப் பின்னால் மறையப் பதினொரு நிமிடம். அந்தப் பதினொரு நிமிடமும் தட்டு அதன் முகத்தைவிட்டுக் கண்ணெடுக்கக் கூடாது. ஊர்ப் பெண்கள் கடிகாரம் பார்ப்பதில்லை. தட்டு வடக்கே திரும்பினால் குதிரைப் பால் கறக்கப் போவார்கள்.

துல்பாருக்குள் ஒரு கடிகாரம் உண்டு. அதை வைக்கச் சொன்னவளே புருலாய்தான். தரையிலிருந்து ஏழு நாள் ஒரு கட்டளையும் வராவிட்டால், கீழே யாரும் இல்லை என்று அது முடிவு செய்துகொள்ளும். வானத்தில் குப்பையாகக் கிடந்து பிறருக்குத் தொல்லை தரக் கூடாதென்று மிச்ச எரிபொருளைக் கொட்டி, காற்றுக்குள் பாய்ந்து எரிந்துவிடும். அப்படி நடக்காமலிருக்க அவள் தினமும் காலையில் ஒரு சின்னக் கட்டளை அனுப்புவாள். எண்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: இருக்கிறோம். கேட்டேன் என்று அது திருப்பிச் சொல்லும். கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடும்.

ஒரு புதன்கிழமை காலை பத்து முப்பத்தைந்துக்கு அது கடைசியாகக் கேட்டேன் என்றது. அன்று மதியம், அமைச்சரை வரவேற்பது எப்படி என்று ஆலோசிக்க ஆகிம் எல்லாரையும் கீழே கூட்டினார். புருலாய் மூன்று மணி நேரம் கூட்டத்தில் உட்கார்ந்து, எத்தனை ரொட்டி, எத்தனை ஆடு என்று கேட்டுவிட்டு மேலே வந்தபோது நிலையம் கல்யாண வீடு போல மின்னியது. கதவு, படிக்கட்டு, நாயின் சங்கிலி எல்லாமே வெள்ளி. தட்டும் வெள்ளி. அவள் பல்லைக் கடித்தாள். ஆனால் தட்டு உலோகம், அதன்மேல் உலோகப் பெயின்ட் அடித்தால் பெரிய கெடுதல் ஒன்றும் இல்லை. போகட்டும் என்று விட்டாள்.

அன்று இரவு துல்பார் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. வியாழனும் வெள்ளியும் அவள் கம்பி கம்பியாகக் கழற்றிப் பார்த்தாள், சமிக்ஞை பெருக்கும் கருவியை மாற்றினாள், கணக்கைத் திரும்பப் போட்டாள். எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. கீழே எல்லாம் சரி என்றால் மேலே ஏதோ செத்துவிட்டது என்று அர்த்தம். வெள்ளிக்கிழமை அவள் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை பெயின்டர் மமசாலி காலி டப்பாக்களை எடுக்க வந்தார். அறுபதைத் தாண்டியவர், தொண்டை வளமான மனிதர். சுற்றுவட்டாரத்தில் விருந்து எதுவானாலும் வாழ்த்துச் சொல்ல அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் வாழ்த்தத் தொடங்கினால் சூப் ஆறிவிடும் என்று ஊரில் கேலி உண்டு.

"என்ன மகளே, முகம் செத்துப்போய் இருக்கு? பெயின்ட் பிடிக்கலையா?"

"நல்லாத்தான் இருக்கு பெரியப்பா. என் பொழப்புத்தான் சரியில்ல."

"அப்படிச் சொல்லாத. எங்க அம்மா கல்லறை வேலிக்குக்கூட இவ்வளவு அக்கறையா அடிச்சதில்ல. மேல நடுவுல ஒரு குவளை நீட்டிட்டு இருக்கே, அதோட மூடி லிஸ்ட்ல இல்ல. பாவம், அது மட்டும் மங்கலா நிக்குதேன்னு கயிறு கட்டித் தொங்கி மூணு கோட்டு அடிச்சேன். ஒரு சொட்டு சிந்தல, பாத்தியா?"

புருலாய் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தாள். தட்டில் பட்டுத் தெறிக்கிற வானத்துச் சேதியெல்லாம் போய் விழுகிற வாய் அந்தக் குவளைதான். அது தட்டைப் பார்த்துத் திரும்பி இருப்பதால் தரையிலிருந்து மூடி தெரியாது. வெறும் பிளாஸ்டிக் மூடி என்றால் சேதி உள்ளே புகும். அதன்மேல் அலுமினியப் பொடி கலந்த பெயின்டை மூன்று கோட்டு அடித்தால், வாயில் தகரம் வைத்து அடைத்த மாதிரி.

"பெரியப்பா," என்றாள் மெதுவாக. "நீங்க அதோட வாயை அடைச்சிட்டீங்க."

விஷயம் புரிந்ததும் மமசாலி அப்படியே டப்பாமேல் உட்கார்ந்துவிட்டார். அவள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணையும் துடைத்தாள். துல்பார் சாகவில்லை! மேலே வந்து வந்து கூப்பிட்டுவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. மூடியை எடுத்தால் தீர்ந்தது. அரை மணி நேர வேலை.

அரை மணி நேர வேலைக்கு அனுமதி வாங்கும் நாடு எது என்பதை அவள் அந்த நிமிடம் மறந்திருந்தாள். தட்டைச் சுற்றி இரண்டு போலீஸ்காரர்கள் நின்றார்கள். அமைச்சர் பார்த்துவிட்டுப் போகும்வரை யாரும் பெயின்டைத் தொடக் கூடாது என்பது ஆகிமின் உத்தரவு. ஏணி சங்கிலியில் கிடந்தது. அவள் நேரே ஆகிமிடம் போனாள்.

கல்முராத் கெட்டவர் அல்ல. கெட்டவராக இருக்கக்கூட ஒரு துணிச்சல் வேண்டும். அவருக்கு மேலே இருப்பவர்கள் எல்லாரையும் பார்த்துப் பயம், அவ்வளவுதான்.

"தங்கச்சி, புதன்கிழமை அமைச்சர் வந்துட்டுப் போகட்டும். அப்புறம் நீ சுரண்டு, கழுவு, என்ன வேணா பண்ணு. நான் கேக்கல."

"புதன்கிழமை பத்து முப்பத்தஞ்சுக்கு ஏழு நாள் முடியுது அண்ணே. அதுக்குள்ள நான் பேசலைன்னா அது விழுந்து எரிஞ்சிடும்."

"ஏழு நாள்னு வச்சது யாரு?"

"நாங்கதான்."

"அப்ப எட்டுன்னு மாத்திடு. இது ஒரு பிரச்சினையா?"

"மாத்தணும்னா அதுகிட்ட பேசணும் அண்ணே. பேசத்தான் முடியல."

ஆகிம் யோசித்தார். நெற்றியில் வியர்வை வந்தது. "சரி, அமைச்சர் வர்றது பத்து மணிக்கு. விருந்து முடிய ஒரு மணி. அதை ரெண்டு மணிக்கு வரச் சொல்லேன். வயிறு நிறைஞ்சு எல்லாரும் நிதானமா பாக்கலாம்."

"அது பஸ் இல்ல அண்ணே."

"அமைச்சருக்காகப் பஸ்ஸையே நிறுத்துறோம், இதை நிறுத்த முடியாதா? இன்னொண்ணு. அவர் காரை விட்டு இறங்கும்போது அந்தத் தட்டு கொஞ்சம் குனியணும். மரியாதையா. முடியும்தானே?"

"முடியும்."

"பாத்தியா? மனசு வச்சா எல்லாம் முடியும்."

திங்கட்கிழமை தலைநகருக்குத் தொலைபேசியில் பேசினாள். பழுது விசாரிக்கிற குழுவிலிருந்து ஒரு குரல் பொறுமையாகப் பட்டியல் வாசித்தது. பழுதுக்கான காரணங்கள் இருபத்திரண்டு. அதில் பெயின்ட் இல்லை. 'பிற' என்று ஒரு கட்டம் இருக்கிறதே என்றாள். இருக்கிறது, ஆனால் அதை நிரப்ப அமைச்சர் கையெழுத்து வேண்டும். வேறு நாட்டு நிலையத்திடம் ஒரே ஒரு கட்டளை அனுப்பச் சொல்லிக் கேட்கலாமே என்றாள். அதற்கு ஒப்பந்தம் வேண்டும், ஒப்பந்தத்துக்கும் அமைச்சர் கையெழுத்து வேண்டும். அமைச்சர் எங்கே? கோக்-ஜாருக்குக் கிளம்பும் ஏற்பாட்டில் இருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை, ஆனது ஆகட்டும் என்று சமையல் கத்தியோடு வேலியைத் தாண்டினாள். போலீஸ்காரர் ஒருவர் கத்தியைப் பிடுங்கிக்கொண்டு, 'ஆயுதத்துடன் அரசுப் பெயின்டை நெருங்கியவர்' என்று அவளைப்பற்றி அறிக்கை எழுதினார். வீட்டிலிருந்த மற்ற கத்திகளையும் எடுத்துப்போனார். அன்று அவள் ரொட்டியைக் கையால் பிய்த்துத் தின்றாள்.

புதன்கிழமை விடிந்தது. தட்டுக்கு எதிரே வெள்ளைக் கம்பளிக் கூடாரம் எழும்பியிருந்தது. வாசலில் நீள விரிப்பு, அதன்மேல் ரொட்டி, பொரித்த மாவுருண்டை, பாதாமி ஜாம், தோல்பையில் குதிரைப் பால். ஓரத்தில் பரிசுக் குதிரை ஒன்று பூவேலைச் சேணத்தோடு கட்டியிருந்தது. அமைச்சர் முன்பு எங்கோ ஒரு முறை குதிரையிலிருந்து விழுந்தவர் என்று கேள்விப்பட்டு, மாவட்டத்திலேயே சோம்பேறியான குதிரையை ஆகிம் தேடிப் பிடித்திருந்தார். காதில் ஈ உட்கார்ந்தாலும் அது தலையை ஆட்டாது.

பத்து மணி ஐந்து நிமிடத்துக்குக் கார்கள் வந்தன. புருலாய் உள்ளே பொத்தானை அழுத்தினாள். தட்டு மெல்லக் குனிந்தது. கூட்டம் கைதட்டியது. அமைச்சர் பெரிய உருவம், களைத்த முகம். தட்டு குனிந்ததற்குப் பதில் மரியாதையாகத் தன் தொப்பியைத் தொட்டுக்கொண்டார். அவள் ஓடிவந்து முன்னால் நின்றாள்.

"எல்லாம் நல்லா நடக்குதாம்மா?" என்றார் அவர்.

"இல்லங்க," என்றாள் புருலாய்.

அதற்குள் ஆகிம் கையை உயர்த்த, மேளமும் கொம்பும் முழங்கின. அமைச்சர் புன்னகையோடு தலையாட்டிவிட்டு விரிப்பில் போய் உட்கார்ந்தார். போலீஸ்காரர்களுக்கும் விரிப்பின் கடைசியில் இடம் கொடுத்தார்கள். ஊரே உட்கார்ந்தது. பெரிய தாம்பாளத்தில் வேகவைத்த ஆட்டுத்தலை வந்து அமைச்சர் முன்னால் இறங்கியது. பக்கத்தில் எலும்புப் பிடி போட்ட கத்தி. அவர்தான் காதை அறுத்து, கன்னத்தை அறுத்து எல்லாருக்கும் பங்கு கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் வாழ்த்து. ஆகிம் மமசாலிக்குக் கண்ணைக் காட்டினார்.

புருலாய் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து பதினேழு. இன்னும் ஏழு நிமிடத்தில் துல்பார் வடக்கு முகட்டில் ஏறும். அவள் கண்கள் கத்தியில் நின்றன. அப்புறம் தட்டைப் பார்த்தாள். குனிந்த தட்டின் நடுவிலிருந்து அந்தக் குவளை கூடாரத்தை நோக்கித் தாழ்வாக நீட்டிக்கொண்டிருந்தது. குதிரை மேல் ஏறி நின்றால் எட்டும். தலையைத் திருப்பினாள். மமசாலி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கத்தி, தட்டு, குதிரை என்று அவள் பார்வை போன வழியெல்லாம் அவர் பார்வையும் போய் வந்திருந்தது. அவர் உள்ளங்கைகளை விரித்தார்.

விரிப்பில் இருந்த எல்லாரும் உள்ளங்கைகளை விரித்தார்கள். வாழ்த்து முடிந்து 'ஓமின்' என்று முகத்தைத் துடைக்கும்வரை எங்களில் யாரும் எழ மாட்டார்கள், கையை மூட மாட்டார்கள். கூரை தீப்பிடித்தாலும் முடித்துவிட்டுத்தான் ஓடுவார்கள். நடுவில் எழுந்தவனுடைய ஏழு தலைமுறைக்கும் பேச்சு நிற்காது.

புருலாய் எழுந்தாள். நேரே நடந்து, அமைச்சரின் மூக்குக்குக் கீழே இருந்த கத்தியை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

"வழி வெள்ளையாகட்டும்!" என்று முழங்கினார் மமசாலி. "வந்த விருந்தாளி வாழட்டும்! அவர் குதிரை இடறாம இருக்கட்டும், கார் பஞ்சராகாம இருக்கட்டும்!"

ஆகிமின் முகம் முதலில் வெளுத்தது, பிறகு பீட்ரூட் ஆனது. உள்ளங்கைகள் விரிந்தபடியே இருந்தன. போலீஸ்காரர்கள் இருவரும் கண்ணை அகல விரித்தார்கள். கை மட்டும் மூடவில்லை. புருலாய் பரிசுக் குதிரையை அவிழ்த்துக் குவளைக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தி, பூவேலைச் சேணத்தின்மேல் ஏறி நின்றாள். குதிரை கொட்டாவி விட்டது.

"மகன்கள் வாழட்டும்! மருமகள்கள் வாழட்டும்! மருமகள்களோட அம்மாமாரும் வாழட்டும், தூரத்துல இருந்தே வாழட்டும்!"

கத்தி முனை மூடியின் விளிம்பில் பசைக்குள் இறங்கியது. மூன்று கோட்டுப் பெயின்ட் ஓட்டாக இறுகியிருந்தது. இழுத்தாள், சுற்றினாள், விரல் அறுபட்டது. கால்வாசி வந்தது.

மமசாலி அமைச்சரின் வீட்டை முடித்துவிட்டு அமைச்சகத்துக்கு வந்தார். ஒவ்வொரு துறையையும் தனித்தனியாக வாழ்த்தினார். தபால் துறைக்கு மட்டும் அரை நிமிடம் கொடுத்தார். அமைச்சருக்குப் பசி. பார்வை ஆட்டுத்தலைமேலேயே இருந்தது. பின்னால் நடப்பதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. "போதும்" என்று ஆகிம் உதட்டை மட்டும் அசைத்தார். மமசாலி கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆகிம் கல்முராத் வாழட்டும்! பாவம், நல்ல மனுஷன். அவர் ரத்தக்கொதிப்பு இறங்கட்டும்!"

பத்து இருபத்து மூன்றுக்கு மூடி கையோடு வந்தது. புருலாய் குதித்தாள், ஓடினாள், உள்ளே போய் நாற்காலியில் விழுந்தாள். தட்டு நிமிர்ந்து வடக்கே திரும்பியது. பழக்கதோஷத்தில் ஊர்ப் பெண்களில் இரண்டு பேர் எழப்பார்த்து, கை விரிந்திருப்பது நினைவுக்கு வந்து உட்கார்ந்தார்கள்.

பத்து இருபத்து நான்கு. திரையில் வெறும் இரைச்சல். பத்து இருபத்தைந்து. அவள் ரத்தம் விசைப்பலகையில் சொட்டியது. "வா," என்றாள். "வந்துடு." இரைச்சலுக்கு நடுவில் ஒரு கோடு எழுந்தது. நிமிர்ந்தது. துல்பார்! அவள் கட்டளையை அனுப்பினாள். இருக்கிறோம்.

கேட்டேன் என்றது அது.

அவள் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். வெளியே 'ஓமின்' என்று ஊரே முகத்தைத் துடைக்கும் சத்தம் கேட்டது. தொடர்ந்து "என் கத்தி எங்க?" என்று அமைச்சரின் குரலும் கேட்டது.

சாப்பாட்டுக்குப் பிறகு அமைச்சர் உள்ளே வந்து, துல்பார் அன்று காலை அனுப்பிய படத்தைப் பார்த்தார். மலை, ஆறு, சாலை, எல்லாம் சாம்பல். நடுவில் ஒரே ஒரு புள்ளி கண் கூச மின்னியது.

"இதென்ன, இப்படி மின்னுது?"

"நம்ம நிலையம்தாங்க," என்றார் ஆகிம் உடனே. "பெயின்ட் அடிச்சோம்."

"அட! மேல இருந்தே தெரியுதா!" அமைச்சர் உண்மையிலேயே நெகிழ்ந்துபோனார். "அதனாலதான் அது இந்த இடத்தை விட்டு விலகாம தினமும் வருது போல."

புருலாய் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். மமசாலி பின்னாலிருந்து அவள் முழங்கையைப் பிடித்தார். அவள் மூடிக்கொண்டாள்.

ஒரு மாதத்தில் தலைநகரிலிருந்து உத்தரவுகள் வந்தன. ஆகிம் கல்முராத்துக்கு விண்வெளித் துறையில் சிறந்த பணிக்கான பாராட்டுப் பத்திரம். புருலாய்க்குக் கண்டனக் கடிதம்: வாழ்த்தின்போது எழுந்தது, விருந்தாளியின் கத்தியை எடுத்தது, அரசு மூடியைச் சேதப்படுத்தியது. அதோடு ஒரு மரப்பெட்டியும் வந்தது. மமசாலிதான் ஆணியைப் பிடுங்கித் திறந்தார். உள்ளே வைக்கோலுக்கு நடுவில் புத்தம்புது மூடி. தொழிற்சாலையிலேயே வெள்ளிப் பெயின்ட் அடித்து, காயவைத்து, முத்திரை குத்தி வந்திருந்தது. இனி நாட்டிலுள்ள எல்லா மூடிகளும் இப்படித்தான் இருக்க வேண்டுமாம்.

"எத்தனை கோட்டு?" என்றாள் புருலாய்.

மமசாலி நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "அஞ்சு. நல்ல வேலைக்காரன்."

பெட்டியின் அடியில் ஒரு காகிதம் இருந்தது. மூடி கிடைத்ததை உறுதிசெய்து ஏழு நாளுக்குள் பதில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் நிலையத்தில் யாரும் இல்லை என்று கருதப்பட்டு, பணியிடம் நீக்கப்படும்.

அவள் அதை இரண்டு முறை படித்தாள். சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. வெளியே தட்டின் வாயில் மமசாலி கொண்டுவந்த ஊறுகாய் வாளியின் பிளாஸ்டிக் மூடி கயிற்றால் கட்டியிருந்தது. அதன் வழியாகத்தான் இருபத்தெட்டு நாளாகத் துல்பாரோடு பேச்சு நடந்துகொண்டிருந்தது. புது மூடியை நாயின் தண்ணீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். நாய் மோந்து பார்த்துவிட்டு விலகியது.

பத்து பத்து ஆகியிருந்தது. தட்டை வடக்கே திருப்பிவிட்டு, பேனாவை எடுத்து, அமைச்சகத்துக்கு ஒரே வரியில் பதில் எழுதினாள்.

"என்ன மகளே எழுதுன?"

"தினமும் மேல என்ன சொல்றேனோ அதையேதான் பெரியப்பா," என்றாள் புருலாய். "இருக்கிறோம்னு."